நெல்லையில் இருவராக ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ஒரு நாள் மிச்சமிருப்பவர்கள், திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ போகிற வழியில் இறங்குகிறவர்கள், இதுவே சொந்த ஊராக இருந்தும் கல்யாணமான பிறகு சேர்ந்து சுற்றிப் பார்க்க நேரம் வாய்க்காதவர்கள் எனப் பலரும் கேட்கிற கேள்விகள் இவை. பதில் சொல்கிறவன் டவுன்காரன், அதாவது நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள பழைய ஊர்க்காரன். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாளையங்கோட்டைக்காரர்கள் அங்கங்கே கோபித்துக்கொள்ள இடமுண்டு.

ஒரே நாளில் ஊரைப் பார்த்துவிட முடியுமா?

முடியும், அருவியையும் கடலையும் விட்டுவிட்டால். நெல்லை என்றதும் குற்றாலம், பாபநாசம், திருச்செந்தூர் என்று ஆளுக்கொரு திசை சொல்வார்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரே நாளில் அவற்றைச் சேர்த்தால் பொழுது காரிலேயே போய்விடும். ராத்திரி ரயில் ஏறும்போது ஊரில் அல்வாக்கடையைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் சொல்லும் வரிசை இது. விடிந்ததும் ஆறும் அணைக்கட்டும். ஒன்பது மணிவாக்கில் நெல்லையப்பர் கோவில். உச்சி வெயிலில் சாப்பாடும் ஓய்வும். அதற்குப் பிறகு பாளையங்கோட்டை. வெயில் தாழ்ந்ததும் பாலம், கடைசியில் டவுனில் அல்வா. மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள், அல்வாக்கடை சாயந்திரம்தான் திறக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நெல்லையைக் கால்வாய் ஊர் என்கிறார்கள். ஜங்ஷனில் இறங்கினால் ஒரு கால்வாயும் கண்ணில் படவில்லையே?

படாதுதான். வீடுகளின் கொல்லைப்புறமாகவும் சின்னச் சின்னப் பாலங்களுக்கு அடியிலும் அவை ஓடுவதால், தேடிப் போனால்தான் தெரியும்.

தாமிரபரணி பொதிகை மலையிலிருந்து இறங்கிப் புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்வதற்குள் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தில், 1870-களில் கட்டி முடித்தது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. இந்த எட்டிலிருந்தும் பிரிகிற 11 கால்வாய்கள் இரண்டு மாவட்டங்களில் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

நகரத்தோடு ஒட்டி வருபவை மூன்று. அரியநாயகிபுரத்தில் பிரிவது கோடகன் கால்வாய். பழவூரில் பிரிவது பாளையங்கால்வாய். இது ஆற்றின் தென்கரையில் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது. சுத்தமல்லியில் பிரிவது திருநெல்வேலிக் கால்வாய். ஊரில் நெல்லைக் கால்வாய் என்றுதான் சொல்வோம். டவுனை ஒட்டியிருக்கும் நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது இதுதான். கால்வாய் குளத்தை நிரப்பும், குளம் மடை வழியாக வயலுக்குப் பாயும், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகாலாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். இந்தச் சங்கிலி தெரிந்துவிட்டால், வழியில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே வயல்களுக்கு நடுவில் கண்ணாடியாக வருகிற தண்ணீர், வீடுகளுக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக்கொள்கிறது. சில இடங்களில் தண்ணீரே தெரியாதபடி அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிக் கிடக்கும். படம் எடுக்க நினைப்பவர்கள் மேற்கே போங்கள்.

வெனிஸ், ஆலப்புழை மாதிரி படகில் சுற்றலாமா?

முடியாது. இவை பாசனக் கால்வாய்கள். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். படகு மட்டுமே ஆசை என்றால் ஆலப்புழைக்கே போய்விடுங்கள். இங்கே கரையில் நடக்கத்தான் முடியும்.

எந்த மாதம் வந்தால் கால்வாயில் தண்ணீர் ஓடும்?

இங்கே இரண்டு போகம். ஜூனில் தொடங்குவது கார், அக்டோபர் வாக்கில் தொடங்கி மாசி பங்குனி வரை போவது பிசானம். மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் இருப்பதைப் பார்த்து, அந்தந்தப் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். அந்த அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. விவசாயிகள் காலையில் பேப்பரை விரித்ததும் முதலில் தேடுவது இந்த நீர்மட்டக் கணக்கைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் அடைத்திருப்பார்கள். கால்வாய் வெறும் மண்ணாகக் கிடக்கும்.

என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், பிசான நெல் பச்சையாக நிற்கும், வெயிலும் பொறுக்கிற அளவில் இருக்கும். நவம்பரிலும் டிசம்பர் நடுவிலும் வருவதென்றால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 டிசம்பரில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

அணைக்கட்டு பார்க்க எங்கே போவது? அதில் அப்படி என்ன இருக்கிறது?

பக்கத்தில் இருப்பது சுத்தமல்லி. டவுனிலிருந்து பேட்டை தாண்டிச் சேரன்மகாதேவி சாலையில் போய்த் திரும்ப வேண்டும். ஆட்டோக்காரரிடம் “அணைக்கட்டுக்குப் போகணும் அண்ணாச்சி” என்றால் போதும். காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது.

பெரிய சுவரும் ஷட்டருமாகக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் போட்ட தாழ்வான தடுப்பு, அவ்வளவுதான். அது ஆற்றை நிறுத்துவதில்லை. சில அடி உயர்த்திக் கொடுக்கிறது. உயர்ந்த தண்ணீர் ஓரத்தில் இருக்கும் மதகு வழியாகக் கால்வாய்க்குள் திரும்புகிறது. மிச்சமெல்லாம் கல்லின் மேல் வழிந்து கீழே போகிறது, அடுத்த அணைக்கட்டுக்காரனுக்கு. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. வழிகிற தண்ணீரின் ஓரத்தில் கொக்குகள் அசையாமல் நிற்கும். தாண்ட முயல்கிற மீனைக் கொத்துவதற்காக. கல்லில் பாசி படிந்திருக்கும். செல்பிக்காக அதன் மேல் நடக்கவே கூடாது, கணவர் கையைப் பிடித்துக்கொண்டாலும் சரி.

நேரம் இருப்பவர்கள் இன்னும் மேற்கே கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் அணைக்கட்டு வரை போகலாம். அதற்கு ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவருக்குப் பெரும் பொருள் கிடைத்ததாம். அதை என்ன செய்வது என்று அகத்தியரிடம் கேட்டாராம். “ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போ. அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் தோண்டு” என்றாராம் அவர். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் மாடு வீணாக மேடேறாது, சரிவைப் பார்த்துத்தான் நடக்கும். கால்வாய் வெட்டத் தெரிந்த யாரோதான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஆற்றில் குளிக்கலாமா?

குறுக்குத்துறையில் குளிக்கலாம். டவுனுக்குத் தெற்கே, ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். அங்கே முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது கோவிலே முழுகிவிடும். முன்னதாகவே உற்சவரைக் கரையில் இருக்கும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. பல தலைமுறையாக இதே ஏற்பாடுதான்.

படித்துறையை விட்டு நடு ஆற்றுக்குப் போக வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. சோப்பையும் ஷாம்பையும் விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மாற்றுத் துணி ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள்; பெண்கள் உடை மாற்ற வசதியான இடம் இருக்கும் என்று நம்பி வர வேண்டாம். அம்மணி “குளிக்கவில்லை, கால் மட்டும் நனைக்கிறேன்” என்றால் அதுவே போதும். காலை நேரத்துத் தாமிரபரணி கணுக்காலிலேயே உச்சி வரை குளிரும்.

நெல்லையப்பர் கோவிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சாமி கும்பிட மட்டும் என்றால் ஒரு மணி நேரம். பார்க்கவும் வேண்டும் என்றால் இரண்டரை. பலரும் சுவாமி சன்னதியில் தீபாராதனை பார்த்துவிட்டு அப்படியே அம்மன் சன்னதிக்கு ஓடிவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாதவை மூன்று.

முதலாவது மணிமண்டபம். ஒரே கல்லில், நடுவில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னத் தூண்களுமாகச் செதுக்கியிருப்பார்கள். தட்டினால் வெவ்வேறு சுரம் பேசும் தூண்கள் அவை. தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் ஆளாளுக்குத் தட்டித் தட்டித் தேய்ந்துபோன கல் அது.

இரண்டாவது தாமிர சபை. நடராசருக்கு உரிய ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம், இங்கே தாமிரம். கூரையில் செம்புத் தகடு வேய்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நின்று மர வேலைப்பாட்டைப் பாருங்கள். கல்லில் பார்த்துப் பழகிய நுணுக்கம் மரத்தில் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

மூன்றாவது சங்கிலி மண்டபம். சுவாமிக்கு ஒரு கோவில், காந்திமதி அம்மைக்கு ஒரு கோவில் என்று தனித்தனியாக இருந்தவற்றை, 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் இந்த நீண்ட மண்டபத்தைக் கட்டி இணைத்தார். வெளியே தார் கொதிக்கிற பதினொரு மணிக்கும் உள்ளே கல்தரை குளிர்ந்திருக்கும். தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை மெதுவாக நடப்பதற்காகவே நான் விருந்தாளிகளைக் கூட்டிப் போவேன்.

ஆனி மாதத் தேரோட்ட நாளிலோ ஐப்பசித் திருக்கல்யாண நாளிலோ வருகிறவர்களுக்கு மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் பொருந்தாது. தேரன்று ரத வீதியில் கால் வைக்க இடமிருக்காது. வடம் பிடிக்க ஆசை இருந்தால் அந்த நாளே வாருங்கள், வேறெதையும் திட்டமிடாதீர்கள்.

கோவில் யானையைப் பார்க்கலாமா?

நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்துவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிற பலரும் இன்னும் விசாரிக்கிறார்கள்.

என் மனைவிக்குக் கோவில் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக நாட்டமில்லை. நான் என்ன செய்வது?

கூடப் போய்ச் செருப்பு டோக்கனையும் பையையும் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும். இல்லையென்றால் நயினார்குளத்துக் கரைக்குப் போங்கள். காய்கறி மொத்த மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். மறு பக்கம் குளத்தில் நாரையும் நீர்க்காகமும் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். சந்திப் பிள்ளையார் கோவில் முக்கு, வாகையடி முக்கு என்று வழி கேட்டுக் கேட்டு ரத வீதிகளைச் சுற்றி வந்தாலும் நேரம் போவது தெரியாது.

மதியம் என்ன சாப்பிடலாம்?

சொதி கிடைத்தால் அதுதான். தேங்காய்ப்பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் செய்வது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும். நெல்லைப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து இது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், இஞ்சி அதைச் சரிக்கட்டும் என்பது ஆச்சிமார் கணக்கு. எல்லா நாளும் எல்லா ஓட்டலிலும் இருக்காது. வாசல் பலகையில் “இன்று சொதி” என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் உள்ளே போய்விடுங்கள்.

இல்லையென்றால் கூட்டாஞ்சோறு, உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் என்று விசாரியுங்கள். வெறும் மீல்ஸ் என்றாலும் அவியல் நன்றாக இருக்கும். சாப்பிட்டதும் வெயிலில் இறங்காமல் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் தூங்கி எழுவது உத்தமம். மார்ச் முதல் ஜூன் வரை வருகிறவர்களுக்குச் சாலையோரத்தில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

பாளையங்கோட்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடமும் கல்லூரியும் நிறைந்த ஊர் என்று பெயர். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்றுகூடச் சொல்லிக்கொள்வார்கள் (நான் டவுன்காரன் என்று முன்பே சொன்னேன்). ஊசிக்கோபுரம் என்று ஊரே அழைக்கும் தேவாலயத்தைப் பாதிரியார் ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டினார். அதற்கும் மூத்தது 1785-இல் எழுந்த குளோரிந்தா ஆலயம். குளோரிந்தா, கிறிஸ்தவத்துக்கு மாறிய பிராமண விதவை. தம் சொந்த முயற்சியில் அதைக் கட்டினார். கட்டடம் சின்னதுதான், ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக நின்று செய்த காரியம் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801-இல் தப்பியது இங்கிருந்த கோட்டைச் சிறையிலிருந்துதான். அந்தக் கோட்டையில் இப்போது எஞ்சியிருப்பது கொஞ்சமே. அரசு அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை.

சுலோசன முதலியார் பாலத்தை எங்கே நின்று பார்ப்பது?

பாலத்தின் மேல் நின்று அல்ல. மேலே போனால் பஸ் ஹாரனும் புகையும்தான். கீழே ஆற்றங்கரைப் படித்துறைக்கு இறங்குங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் 11 வளைவுகளும் தெரியும்.

முன்பு ஜங்ஷன் கரைக்கும் கொக்கிரகுளம் கரைக்கும் நடுவில் படகில்தான் போய்வர வேண்டும். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக வேலை பார்த்த சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டு இந்தப் பாலத்தைக் கட்டினார். 1843-இல் திறந்தார்கள். அவருடைய மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையைப் படித்துறையில் வைத்து மனைவியிடம் சொல்லும் கணவர்கள், அந்த நேரத்தில் எதையும் அடகு வைக்கக் கேட்காமல் இருப்பது நல்லது. பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பழையதும் இன்னும் வண்டிகளைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

திரும்பும்போது ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தையும் பார்த்துவிடலாம். 1973-இல் திறந்தது, ரயில் பாதைக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாலைகள். தனியாக இறங்கிப் பார்க்கத் தேவையில்லை, பஸ்ஸில் போகும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

அல்வா எங்கே வாங்குவது? இருட்டுக்கடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

இருட்டுக்கடை நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில். சாயந்திரம் ஐந்து மணிவாக்கில்தான் திறக்கும், சரக்கு தீர்ந்தால் மூடிவிடும். ஆகவே ஐந்துக்கு முன்பே ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும். மற்றவர் அதற்குள் கடைத்தெருவைச் சுற்றி வரலாம். வரிசை பார்க்கப் பயமாக இருந்தாலும் சீக்கிரம் நகரும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் கொஞ்சம் சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். கரண்டியிலிருந்து விழும்போதே பிசுபிசுவென்று நீண்டு விழும். இலையின் ஓரத்தில் நெய் கசிந்து நிற்கும். மெல்ல வேண்டாம், நாக்கில் வைத்தால் தானே வழுக்கிக்கொண்டு போய்விடும். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், சீனி, நெய் என்று மூன்று சாமான்தான். மணிக்கணக்கில் கிண்டுகிற கைதான் மீதி. தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்த ருசி என்று ஊரில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள், நானும் செய்வேன்.

வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையென்றால் ஜங்ஷனிலும் டவுனிலும் உள்ள லாலா கடைகள் என்கிற மிட்டாய்க்கடைகளில் நல்ல அல்வா நாள் முழுக்கக் கிடைக்கும். பிரபலமான பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுதிய போர்டுகள் நிறைய உண்டு, அதைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம்.

கிருஷ்ணாபுரம் சிற்பங்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் சுத்தமல்லியை விட்டுவிட வேண்டும். திருச்செந்தூர் சாலையில் 13 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது வெங்கடாசலபதி கோவில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள்: கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், ரதி, மன்மதன், இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவன். குறவன் உடம்பில் விலா எலும்பும் புடைத்த நரம்பும் தெரியும். இதுவும் மதியம் நடை சாத்துகிற கோவில்தான்.

திருச்செந்தூர் போகிறவர்கள் அதே சாலையில் ஆதிச்சநல்லூரிலும் இறங்கலாம். தோண்டிய குழியிலேயே முதுமக்கள் தாழிகளை விட்டுவைத்து, மேலே கண்ணாடி போட்டு, 2023-இல் தள அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.

எதில் சுற்றுவது?

டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை மூன்றையும் இணைத்து டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் ஒரு டிக்கெட்தான் செலவு, அதுவும் கணவருக்கு. அணைக்கட்டுக்கும் குறுக்குத்துறைக்கும் மட்டும் ஆட்டோ பிடித்து, காத்திருக்கச் சொல்லி, போகவர எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வெளியூர் பஸ்கள் நிற்கும் புதிய பஸ் ஸ்டாண்ட் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. ஜங்ஷனில் இருக்கிறது என்று நினைத்துக் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் உண்டு.

அல்வா தவிர என்ன வாங்கிப் போகலாம்?

பத்தமடைப் பாய். சேரன்மகாதேவியை ஒட்டிய ஊர் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, தறியில் நெய்கிறார்கள். நயமான பாயைத் தடவினால் துணி போலவே இருக்கும். சுருட்ட மட்டுமல்ல, மடிக்கவும் வரும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். ஆனால் அன்றைக்கே சொல்லி அன்றைக்கே வாங்க முடியாது. பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்து, முன்பணம் கட்டிவிட்டு வர வேண்டும். ஊரில் சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் வாங்கி அனுப்பச் சொல்லலாம். பெயரில் ‘ழ’வா ‘ள’வா என்பதைச் சரிபார்த்துக் கொடுங்கள். நெய்த பிறகு திருத்த முடியாது.